இடப்பக்கத்து சாமுராய்

பிச்சை அண்ணாச்சி ஜப்பானுக்குப் போய்வந்ததில் தாராவிக்குக் கிடைத்தது இருநூற்றுப் பன்னிரண்டு போட்டோ. இருநூற்றுப் பன்னிரண்டிலும் நடுவில் அண்ணாச்சியின் தலை.

அவருடைய மகள் ஷர்மிளாவுக்கு ஒசாகாவில் வேலை. ஏப்ரல் மாதம் டிக்கெட் எடுத்து அனுப்பி, அப்பாவைப் பத்து நாள் சுற்றிக் காட்டினாள். அதில் ஒருநாள் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பழைய கோயில். கோயிலின் பெயர் அண்ணாச்சியின் வாயில் நுழையவில்லை. கதை மட்டும் முழுசாக நுழைந்தது. என்றோ ஒரு காலத்தில் சண்டையில் தோற்ற சக்கரவர்த்தி ஒருவர் ஓடிவந்து அந்தக் கோயிலில் ஒரு ராத்திரி தங்கினாராம். விடிந்ததும் உள்ளூர் சாமுராய் ஒருவர் அவர் பக்கம் நின்று, கத்தியை உருவி, போன நாட்டை மீட்டுக் கொடுத்தாராம். பிறகு தன் கவசத்தைக் கழற்றிக் கோயிலுக்கே காணிக்கையாக வைத்துவிட்டாராம். அந்தக் கவசம் இன்றும் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. வாசல் திரையில் சக்கரவர்த்தி குலத்தின் முத்திரை, பதினாறு இதழ் செவ்வந்தி.

அண்ணாச்சிக்குத் தொண்ணூறடிச் சாலையில் எவர்சில்வர் பாத்திரக்கடை. இட்லிச் சட்டி வாங்க வந்தவர்கள் எல்லாரும் சக்கரவர்த்தி கதையையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

"நடுவழியில நடக்கக் கூடாதாம்ல. நடுவழி சாமிக்காம். ஷர்மிளா கையப் பிடிச்சு இழுக்கா. நான் சொன்னேன், ஏட்டி, சாமி எதுக்க வந்தா நான் ஒதுங்கிக்கிட மாட்டேனா? தாராவியில டெம்போவுக்கே ஒதுங்குறவன்னு."

ஆடி முடிந்து கணபதி விழாக் குழுவான மண்டல் கூடியபோது, இந்த வருஷம் என்ன ஜோடனை என்ற பேச்சே எழவில்லை. போன வருஷம் செம்பூர்க்காரர்கள் கோபுரம் கட்டிப் பெயர் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல ஜப்பானை விட்டால் வேறு நாடு கிடையாது என்று மண்டல் தலைவரான அண்ணாச்சி மேஜையைத் தட்டினார்.

பழைய பிளாஸ்டிக் பீப்பாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சிவப்புப் பெயின்ட் அடித்ததும் வாசல் தோரணம் எழுந்து நின்றது. பதினாறு இதழ் செவ்வந்திக்குக் கடையிலிருந்து பதினாறு சோற்றுக் கரண்டிகள் வந்தன. கை கழுவும் தொட்டியும் நீளக் காம்பு அகப்பையும் தயார். உள்ளே நடுவில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. எல்லாப் படத்திலும் அந்த இடத்தில் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருந்தார்.

"நடுவுல எப்படியும் பிள்ளையார்தான வரப்போறாரு" என்றாள் அவர் மனைவி ஆறுமுகத்தாய். "பொறவு என்ன மண்டைக் குடைச்சல்?"

மிச்சம் இருந்தது சாமுராய் கவசம். அந்த வேலை நாகூர் கனியின் தோல்பை தைக்கும் கார்கானாவுக்கு வந்தது. கார்கானாவில் அவருடைய தங்கை மகன் தாஹிர் இருந்தான்.

தாஹிருக்கு இருபத்தொன்பது வயது. சயான் கல்லூரியில் பி.காம். படித்தவன். மாமாவோடு தொழில் பார்க்கிறான். பதினான்கு மாதத்துக்கு முன்னால் அவன் மனைவி ருக்சானா நாலு நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். அவன் அழவில்லை. மறுவாரம் வேலைக்கு வந்தான், வார் வெட்டினான், டீ குடித்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். சிரிக்க மட்டும் இல்லை.

அது அவன் எடுத்த முடிவு என்று யாருக்கும் தெரியாது. ருக்சானா எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவள். நிக்காஹ் அன்று சம்மதம் கேட்கப் போன பெரியவர்களிடமே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள். அவர்கள் வீட்டில் சிரிக்கிற வேலை அவளுடையது. அவன் கேட்டுக்கொண்டிருப்பான், பிறகு கூடச் சேர்ந்துகொள்வான். இப்போது அவன் தனியாகச் சிரித்துவிட்டால், அந்த வேலைக்கு அவள் தேவையில்லை என்று ஆகிவிடும். அதை அவன் எக்காரணம் கொண்டும் நடக்கவிடப் போவதில்லை.

அண்ணாச்சியின் போன் திரையைப் பெரிதாக்கிப் பார்த்து, அவன் கழிவுத் தோலில் விரலகலத் துண்டுகள் வெட்டினான். ஓட்டை போட்டான், கறுப்பு அடித்தான், சிவப்புக் கயிற்றால் கோத்தான். பன்னிரண்டு நாளில் இரண்டு கவசம். பிறை வைத்த தலைக்கவசம் இரண்டு. முகத்துக்கு மீசை வைத்த, பல்லைக் காட்டி உறுமும் முகமூடி இரண்டு.

ஆறுமுகத்தாய் வந்து பார்த்தாள். "தோலையா சாமி முன்னாடி நிறுத்தப் போறிய?"

"தவில் பின்ன பிளாஸ்டிக்குலயா செய்யுதாவ?" என்றார் நாகூர் கனி.

"தவில் சத்தம் குடுக்கு. இது சும்மா நிக்கி."

சண்டையை ஷர்மிளாதான் போனில் தீர்த்தாள். அங்கேயும் வாசலில் இரண்டு பக்கமும் காவல் வீரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், தோரணத்துக்கு வெளியே நிறுத்துங்கள் என்றாள். தோரணத்துக்கு வெளியே செருப்பு விடும் இடம். செருப்பு இருக்கிற இடத்தில் தோல் இருப்பதில் யாருக்கும் குற்றம் தெரியவில்லை. குழாயில் உடம்பு செய்து, வயிற்றில் ஸ்பாஞ்சும் ரெக்சின் துண்டும் அடைத்து, இரண்டு சாமுராய்களையும் முக்காலியில் உட்கார வைக்காமல் நிற்க வைத்தார்கள். வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர்.

விழாவின் மூன்றாம் நாள் மழையில் இடப்பக்கத்து சாமுராய் குப்புற விழுந்தார். குழாய் வளைந்துபோயிற்று. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா, செம்பூர், அணுசக்தி நகர் என்று எங்கெங்கிருந்தோ கூட்டம் வரும் நாள். காலை பத்து மணிக்கு அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டு வெறும் கவசத்தின் முன்னால் நின்றார்.

"ஒத்தை சாமுராய் வச்சா ஒத்தைக் கொம்பு மாடு மாதிரில்லா இருக்கும்."

நாகூர் கனி தன் மருமகனைப் பார்த்தார். "ஆளு இருக்கு அண்ணாச்சி. கவசமும் அவன் அளவுதான்."

"நானா?" என்றான் தாஹிர். "ஏன்?"

"நீதானல அசைய மாட்ட, சிரிக்க மாட்ட. இதுக்குன்னே அல்லா உன்னைய தயார் பண்ணி வச்சிருக்கான்."

மறுப்பதற்குப் பேச வேண்டும். பேசுவதைவிட நிற்பது சுலபம். தாஹிர் நின்றான். மாமா கவசத்தைக் கட்டிவிட்டு, கையில் ஒரு தகரக் கத்தியையும் கொடுத்தார். வலப்பக்கத்து பொம்மைக்குக் கால் சரியாக அமையவில்லை, குழாய் முனை தெரிந்தது. அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்து, தாஹிர் கழற்றிப்போட்ட செருப்பையே எடுத்து அதன் அடியில் பொருத்தினார். தாஹிருக்கு அண்ணாச்சியின் பழைய கேன்வாஸ் ஷூ கிடைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அண்ணாச்சி கையில் மைக் இருந்தது.

"பக்த கோடிகளே! பாயியோ அவுர் பெஹனோ! ஜப்பான் கோயில் வாசல்ல ரெண்டு சாமுராய். ரெண்டுல ஒண்ணு உசுரு உள்ளது. எதுன்னு சொல்ல மாட்டேன். அவர சிரிக்க வைக்கிறவங்களுக்கு நாகூர் கனி பாய் கார்கானாவுல தச்ச ஒரிஜினல் லெதர் பேக்கு இனாம்! சாயந்திரம் ஆறு மணி வரைக்கும்!"

தாஹிர் முகமூடிக்குள் கண்ணை மூடித் திறந்தான். ஆறு மணி. ஏழு மணி நேரம். நின்றுவிடலாம்.

முதலில் காலேஜ் பெண்கள் மூவர் வந்து, இரண்டு சாமுராய்களையும் மாறி மாறிக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார்கள். ஸ்பாஞ்ச் வயிற்றுக்கும் தாஹிர் வயிற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தோல் கெட்டியாகத்தான் கோத்திருந்தான். பிறகு ஒரு ஆட்டோக்காரர் தன் மாமியார் தும்முவதைப் போலத் தும்மிக் காட்டினார். பின்னால் மாமியார் நின்றிருந்தார். அது தனிச் சண்டையாகத் தோரணத்தைத் தாண்டிப் போயிற்று. மாட்டுங்காவிலிருந்து வந்த பெரியவர் ஒரு ஜோக் சொல்ல ஆரம்பித்து முடிவை மறந்துவிட்டார். அவர் மனைவி வாலாம்பாள், "நாப்பது வருஷமா இந்த எடத்துலதான் மறக்கறேள்" என்று முடிவை மட்டும் சொன்னார். தொடக்கம் இல்லாத முடிவு நன்றாகவே இருந்தது. தாஹிர் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டான்.

எதிரே வடாபாவ் வண்டி போட்டிருக்கும் வந்தனா, வேலைக்கு நடுவில் ஓடிவந்து அவன் கத்தி முனையில் சுடச்சுட ஒரு வடையைக் குத்திவிட்டுப் போனாள். ஒரு காக்கா வந்து கத்தியில் உட்கார்ந்து அதைத் தின்றது. தின்று முடித்து, நன்றி போலப் பிறைக்கொம்பில் ஏறிக் கொஞ்ச நேரம் இளைப்பாறியது. கூட்டம் கைதட்டியது. தாஹிர் கார்கானாவின் ஜி.எஸ்.டி. எண்ணை மனசுக்குள் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

மூன்று மணிக்கு மழை விட்டு வெயில் வந்தது. அப்போதுதான் கறுப்புத் துணிக்குள் குள்ளமாக ஒரு உருவம், கையில் டிபன் பாக்ஸோடு, வரிசையை மதிக்காமல் நேராக வந்தது. நடையைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்தது. ராபியா மாமி. ருக்சானாவின் தாய்.

இரண்டு சந்து தள்ளித்தான் அவர் வீடு. நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனவன், அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மாமி தினமும் நாகூர் கனியிடம் சோறு கொடுத்தனுப்புவார். அவன் சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவான். அதுதான் இருவருக்கும் நடுவில் இருந்த போக்குவரத்து.

மாமி இரண்டு சாமுராய்களையும் பார்த்தார். குனிந்து கால்களைப் பார்த்தார். போன பெருநாளைக்கு அவர் வாங்கிக் கொடுத்த செருப்பு வலப்பக்கத்தில் இருந்தது. மாமி சந்தேகமே இல்லாமல் வலப்பக்கம் போனார்.

"மாப்ள, நல்லா இருக்கியளா?"

ஸ்பாஞ்சும் ரெக்சினும் பதில் சொல்லவில்லை.

"பேச மாட்டிய. அது தெரிஞ்சதுதான். தலையாவது ஆட்டுங்க." கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "சரி, அதும் வேணாம். காலைலருந்து பட்டினியா நிக்கியன்னு ஒங்க மாமா சொன்னாவ. வெல்லப் பணியாரம் கொண்டாந்திருக்கேன்."

நாலடி தள்ளி நின்ற தாஹிருக்கு வியர்த்தது. 'மாமி, நான் இங்கே' என்று சொன்னால் முடிந்தது. ஆனால் வரிசையில் ஐம்பது பேர் அவன் முகமூடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாயைத் திறந்தால் பேச்சுத்தான் வரும் என்றும் நிச்சயமில்லை. சரி, பணியாரத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தான்.

மாமி போகவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பேசினார்.

"தூக்குச்சட்டிய எதுக்கு அம்புட்டுப் பளபளன்னு கழுவி அனுப்புதிய? எம் மவ இருக்கயில ஒரு நாளாவது ஒரு தட்டக் கழுவியிருப்பியளா? அழுக்குப் பாத்திரம் வந்தா, ஆளு சாப்பிட்டிருக்குன்னு தெரியும். கழுவின பாத்திரத்தப் பாத்து நான் என்னத்தக் கண்டேன்? சாப்பிட்டியளா, நாய்க்குப் போட்டியளா?"

பொம்மை உறுமிய முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தது.

"மொறைக்காதிய. ரெண்டே சந்து. ஜப்பான் வரைக்கும் வந்து நிக்கிய, எங்க வூட்டுக்கு வர முடியல."

தாஹிர் பல்லைக் கடித்தான். மார்பில் தோல் துண்டுகள் லேசாகக் கிலுகிலுத்தன.

மாமி ஒரு பணியாரத்தை எடுத்து முகமூடியின் பல்லுக்கு நடுவில் திணித்தார். அது உள்ளே போய், கழுத்து வழியாக விழுந்து, எங்கோ தோள் பக்கம் சிக்கி நின்றது. இரண்டாவதையும் திணித்தார். "மெள்ள, மெள்ள. விக்கப் போவுது. மெல்லவே மாட்டியளா?" பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு, பொம்மையின் காதருகே எக்கி, குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியும் நாலடி தூரம் கேட்டது.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாருகிட்டயும் சொன்னதில்ல. நாப்பதாம் நாளு, ஒங்க எல்லாரையும் முன்னால உக்கார வச்சு ஓதிக்கிட்டு இருக்கயில, நான் சிரிச்சுட்டேன் மாப்ள. அடுப்படில. துணிய வாயில அடச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சேன். பெத்த மவ போயி நாப்பது நாளு. நான்லாம் ஒரு தாயா?" மூக்கை உறிஞ்சினார். "திரும்பிப் பாத்தா நீங்க வாசப்படியில நிக்கிய. அன்னைக்குப் போனவிய. நான் சிரிச்சதப் பாத்துட்டுத்தான் இவரு படி ஏறலன்னு அன்னையிலருந்து நெனச்சுக்கிட்டே கெடக்கேன்."

தாஹிர் பார்க்கவில்லை. அன்று அவன் தண்ணீர் குடிக்கப் போனான். அடுப்படி வாசலில் ருக்சானாவின் துப்பட்டா கொடியில் தொங்கியது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தான். மாமி அங்கே இருந்ததே அவனுக்குத் தெரியாது. அந்த வீட்டுக்குப் போகாததற்கு அவனிடம் இருந்த காரணம் ஒரு துணி. மாமி இத்தனை நாளாக அதைத் தன் குற்றமாக்கிச் சுமந்திருக்கிறார்.

சொல்லியாக வேண்டும். இப்போதே. ஆனால் மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, நில்லுங்க, நான் அங்கன உக்காந்திருக்கேன்" என்று பொம்மையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, செருப்பு வைக்கும் பெஞ்சு ஓரம் போய் உட்கார்ந்துவிட்டார். பொம்மை அருகே அவர் நின்ற இடத்தை உடனே வந்தனா பிடித்துக்கொண்டாள்.

இதை எதிர்பார்க்காமல் இருந்தது அண்ணாச்சியின் தப்பு. இந்த ஊரில் கணபதியிடம் நேராக யாரும் கேட்பதில்லை. அவருடைய மூஷிகத்தின் காதில் ரகசியமாகச் சொல்லவேண்டும். சொல்லும்போது மறு காதைக் கையால் பொத்திக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் வேண்டுதல் அந்தப் பக்கமாக வெளியே போய்விடும். ஒரு அம்மாள் வந்து, நைவேத்தியம் ஊட்டி, காதில் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டதை வரிசை முழுவதும் பார்த்திருந்தது. ஜப்பான்காரனுக்கு எலிக்குப் பதில் சாமுராய் போலிருக்கிறது என்று முடிவு கட்ட அதற்கு மேல் என்ன வேண்டும்?

வந்தனா பொம்மையின் ஒரு காதைப் பொத்தினாள், மறு காதில் வாயை வைத்தாள். வடை வண்டிக்காரிக்கு ரகசியக் குரல் கிடையாது. "பாவுகாரன் தினமும் நாலு பாவு குறைக்கிறான், தேவா, அவனைக் கவனி" என்று அவள் மராத்தியில் சொன்னது சாலை வரை கேட்டது. அடுத்து ஆட்டோக்காரர். வலப்பக்கம் போனார், காதைப் பொத்தினார், மாமியாரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, "மீதி உனக்கே தெரியும்" என்றார். அடுத்து அவருடைய மாமியார்.

"லைன்! லைன்! தள்ளாதீங்க! சாமுராய் எல்லாருக்கும் பொது!" என்று யாரோ கத்தினார்கள். பிள்ளையார் உள்ளே தனியாக இருந்தார்.

ஆறுமுகத்தாய் என்ன கூட்டம் என்று பார்க்க வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். மண்டல் தலைவர் மனைவிக்கு வரிசை கிடையாது. பொம்மையின் காதைப் பொத்தினாள். அதற்குச் சற்று முன்புதான் அண்ணாச்சி டீ குடிக்கப் போகும்போது மைக்கைப் பொம்மையின் இடுப்புக் கயிற்றில் செருகிவிட்டுப் போயிருந்தார், அணைக்காமல்.

"சாமுராய் அய்யா" என்றது நாலு ஒலிபெருக்கி. "எம் புருசன் அந்த ஜப்பான் கதைய நிறுத்தணும். நானூறு மட்டம் கேட்டாச்சு. சக்கரவர்த்தி ஒரு ராத்திரிதான் தங்குனாரு, இவரு அஞ்சு மாசமா தங்குதாரு. ராத்திரி தூக்கத்துல குனிஞ்சு குனிஞ்சு கும்புடுதாரு, கட்டிலு முட்டுது."

தொண்ணூறடிச் சாலை ஒரு கணம் நின்றது. டீக்கடையிலிருந்து அண்ணாச்சி கிளாஸோடு ஓடிவருவது தெரிந்தது.

தாஹிரின் முகமூடிக்குள் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அது எந்தக் கண்ணீர் என்று அவனுக்கே தெரியவில்லை. மூச்சைப் பிடித்தான். ஜி.எஸ்.டி. எண் மறந்துபோயிற்று. அவன் பிடித்து வைத்திருந்தது பதினான்கு மாதம். இன்னும் இரண்டரை மணி நேரம்தான்.

அப்போது ராபியா மாமி பெஞ்சிலிருந்து எழுந்தார். வரிசை அவர் மருமகனை மொய்த்துக்கொண்டிருந்தது. ஒருத்தி காதைப் பிடிக்கிறாள், ஒருவன் தோளில் தொங்குகிறான், யாரோ வாயில் மோதகம் திணிக்கிறார்கள்.

"ஏய்! ஏய்! தள்ளுங்க! என்ன அநியாயம் இது? மனுசன்யா அது! மூச்சு முட்டிச் செத்துருவாரு! எம் மருமவன விடுங்க!"

"மௌசி, லைன் மே ஆவோ!" என்றாள் வந்தனா. அவள் இரண்டாவது வேண்டுதலுக்கு வந்திருந்தாள்.

"லைனாவது ஒண்ணாவது! அவரு சொல்ல மாட்டாரு, அந்தப் பிள்ளைக்கு எது நடந்தாலும் வாயத் தொறந்து சொல்லத் தெரியாது, அதுக்காவ ஆளுக்காளு பிச்சுத் திம்பியளா?" மாமி கூட்டத்துக்குள் புகுந்து பொம்மையின் கையைப் பிடித்தார். "வாங்க மாப்ள, போவம். போதும் ஜப்பான்."

இழுத்தார்.

கை வந்தது. தோளோடு.

மாமி கையைப் பார்த்தார். கை இருந்த இடத்தைப் பார்த்தார். அந்த ஓட்டை வழியாக ஒரு பணியாரம் உருண்டு வந்து செருப்புகளுக்கு நடுவில் விழுந்தது. பின்னாலேயே இரண்டாவது.

"யா அல்லா!" என்று மாமி போட்ட கூச்சல் மைக்கில் ஏறி தாராவி முழுவதும் போயிற்று.

இடப்பக்கத்து சாமுராய் சிரித்தார்.

சின்னச் சிரிப்பாக அல்ல. முதலில் 'ஹிக்' என்று ஒரு சத்தம். பிறகு கவசம் முழுவதும் சலங்கை கட்டியதுபோல் குலுங்கியது, கத்தி கீழே விழுந்தது, பிறைக்கொம்பு சரிந்து மூக்குக்கு வந்தது. சாமுராய் முட்டியில் கை வைத்துக் குனிந்தார், நிமிர முயன்றார், முடியாமல் செருப்புகளின் மேலேயே உட்கார்ந்தார். உறுமுகிற பல்லுக்குள்ளிருந்து, ஓய்ந்து ஓய்ந்து மறுபடி கிளம்பும் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

நாகூர் கனி கண்ணைத் துடைத்தார். "லேய், சிரிச்சுட்டான். அவன் சிரிச்சுட்டான்." பிறகு அவரும் சிரித்தார். பிறகு கூட்டம். காரணம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், மற்றவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பை யாருக்கு என்று வந்தனாவும் ஆறுமுகத்தாயும் ஒரு பக்கம் மோத, அண்ணாச்சி, "கட்டிலு முட்டுதுன்னு எதுக்குட்டி வெளிய சொன்ன?" என்று மறுபக்கம் கத்திக்கொண்டிருந்தார். எல்லாம் மைக்கில் போயிற்று.

ராபியா மாமி, பொம்மைக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தபடி, மெதுவாக இடப்பக்கம் திரும்பினார். ஷூவைப் பார்த்தார். முகமூடியைப் பார்த்தார்.

"நீங்களா?"

தாஹிர் தலையாட்டினான்.

"எப்போலருந்து?"

"காலைலருந்து."

"அப்ப நான் சொன்னது?"

"கேட்டேன்."

"எல்லாமுமா?"

"எல்லாமும்."

மாமி அந்தக் கையாலேயே அவன் தோளில் ஒரு போடு போட்டார். ஸ்பாஞ்ச் கை, வலிக்கவில்லை. இரண்டாவது போடு போட ஓங்கினார். தாஹிர் முகமூடியைக் கழற்றினான். முகம் நனைந்து, சிவந்து, அலங்கோலமாக இருந்தது. ஓங்கிய கை நின்றது. அந்த முகத்தை மாமி பதின்மூன்று மாதமாகப் பார்க்கவில்லை.

"நான் பாக்கல மாமி" என்றான். "அன்னைக்கு. நீங்க அடுப்படில இருந்ததே எனக்குத் தெரியாது. கொடியில அவ துப்பட்டா கெடந்தது. அதைப் பார்த்தேன். போயிட்டேன்."

மாமி பெஞ்சு வரை போகத் தெம்பில்லாமல், அவன் பக்கத்தில் செருப்புகளின் மேலேயே உட்கார்ந்தார். பொம்மைக் கை மடியில் கிடந்தது.

"அது இன்னும் அங்கனதான் கெடக்கு" என்றார் கடைசியில். "எடுக்க மனசு வரல."

"கெடக்கட்டும்."

கூட்டம் அவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. இப்போது பிள்ளையாரின் முறை. சிலர் போகிற போக்கில் தாஹிருக்குக் கும்பிடு போட்டார்கள்.

"எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்டான் தாஹிர்.

"எப்போ?"

"நாப்பதாம் நாள்."

"ச்சீ. அத எதுக்கு இப்போ?"

"சொல்லுங்க மாமி."

மாமி அக்கம்பக்கம் பார்த்தார். நாகூர் கனி இரண்டடி தள்ளி, விழுந்த பிறைக்கொம்பை நிமிர்த்திக்கொண்டிருந்தார். மாமி துணியை இழுத்து வாயைப் பொத்தினார்.

"லெப்பை துஆ கேட்டுக்கிட்டு இருக்காரா. ஊரே கண்ண மூடிக்கிட்டு இருக்கா. ஒங்க மாமா, இந்தா நிக்காவள்ளா, உக்காந்த வாக்குலயே ஒறங்கிட்டாவ. எல்லாரும் ஆமீன்னு சொன்ன சத்தத்துல முழிச்சுக்கிட்டு..." மாமியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. "முழிச்சுக்கிட்டு, 'ரெண்டு டஜனும் பேக் பண்ணிட்டியால'ன்னு..."

முடிக்க முடியவில்லை. தாஹிராலும் கேட்க முடியவில்லை. அவன் கவசம் மறுபடியும் கிலுகிலுத்தது. ருக்சானா அங்கே இருந்திருந்தால் முதலில் சிரித்தவள் அவளாகத்தான் இருப்பாள், சபை நடுவில், பொத்தின வாயோடு. அடுப்படியில் மாமி சிரித்தது யாருடைய சிரிப்பு என்று அவனுக்குத் தெரிந்தது. அது இத்தனை நாளும் இரண்டு சந்து தள்ளியே இருந்திருக்கிறது.

"என்னல, என்னைப் பத்தியா?" என்றார் நாகூர் கனி.

"இல்ல மாமா. பேக் பண்ணிட்டோம்."

மாமி அவன் முதுகில் மறுபடியும் அடித்தார். பிறகு கையை ஊன்றி எழுந்து, "எந்திரிங்க, வூட்டுக்குப் போவம்" என்றார்.

அவன் எழுந்தான். கவசத்தைக் கழற்ற நாகூர் கனி வந்தார், முடிச்சு இறுகிவிட்டிருந்தது. "பரவால்ல மாமா" என்று தாஹிர் அப்படியே நடந்தான். பொம்மைக் கையை மாமி விடவில்லை.

"அதை எதுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?"

"தைக்கணும்லா. ஊசி வூட்லதான இருக்கு."

சந்துக்குள் டெம்போ நுழைந்தால் ஆள் நடக்க இடம் கிடையாது. எதிரே வந்த டெம்போக்காரன் சாமுராயைப் பார்த்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், வண்டியை அப்படியே பின்னால் எடுத்தான். மாமி முன்னால் போனார். நடுவழியில்.